மஞ்சள் தடவிய கவர்

கோணாமலை கவரை நீட்டியது உண்மைதான். ஆனால் புஸ்பம் அதை இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டதும், எங்கேயோ ஒரு பிழை நடந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கியது. வேலையால் நிறுத்தும் கடிதத்தை உலகத்தில் யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை.

"அம்மா, இது வந்து..."

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல, சேர். புதன்கிழமை காலமை, வெள்ளைச் சேட், ஒரு சீப்பு வாழைப்பழம், நீட்டுக் கவர். இதுக்கு மேல எங்களுக்கு விளங்காதா?"

புஸ்பம் கவரோடு உள்ளே போனாள். கோணாமலை கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். கவரின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, கண்ணகி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்திவிட்டாள். தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவு அனுப்பிய கடிதம் ஒன்றுக்கு இந்த மரியாதை கிடைப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோணாமலை மட்டக்களப்பு நகரத்தில் இருக்கும் 'வாவி ஸ்போர்ட்ஸ்' தொலைக்காட்சியில் பதினெட்டு வருடமாக நிர்வாக உத்தியோகத்தர். ஊர் மைதானங்களில் நடக்கும் மென்பந்து கிரிக்கெட், உதைபந்து, வாவியில் நடக்கும் தோணியோட்டம் எல்லாவற்றையும் கேபிள் வழியாக வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அலைவரிசை அது. ஒரு காலத்தில் இறுதிப் போட்டி நடக்கும் நாளில் கல்யாண வீட்டுக்காரர் பந்தியைக்கூடப் பிந்தி வைத்தார்கள். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. சனம் விளையாட்டை விடவில்லை. கேபிளைத்தான் விட்டது. வெட்டிய வயர் வீணாகப் போகவில்லை. பாதி ஊருக்கு அதுதான் இப்போது கொடிக்கயிறு. புஸ்பத்தின் முற்றத்திலும் முருங்கைக்கும் தென்னைக்கும் இடையில் அந்தக் கறுப்பு வயர்தான் ஓடியது. அதில் 'வாவி ஸ்போர்ட்ஸ்' என்று எழுதிய நீலச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

அதைப் பார்க்கக் கோணாமலைக்கு நெஞ்சு சுட்டது. கோபப்படவும் வழியில்லை. செங்கலடியில் அவருடைய வீட்டிலும் போன வருடம்தான் கேபிளை வெட்டினார்கள். அது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து இரண்டு கவர் வந்தது. கவரின் மேல் பெயர் கிடையாது. பெயர் இருந்தது குண்டூசியால் குத்தியிருந்த சீட்டில்தான். கடிதத்தைக் கையில் கொடுத்து, அந்தச் சீட்டில் ஒப்பம் வாங்கி, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு முன் அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஒரு சீட்டில் படத்தொகுப்பாளர் றிஸ்லானின் பெயர். மற்றதில் வர்ணனையாளர் தக்ஷாயினியின் பெயர்.

கோணாமலை கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மனுசன். 'தயவுடன் அறியத்தருகின்றேன்' என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டு, யாரும் வாசிப்பதற்கு முன்னால் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவதே அவருடைய நிர்வாக முறை. றிஸ்லானுக்குரியதைப் பணிஸ் பையின் கீழ் வைத்து மேசையில் தள்ளினார். றிஸ்லான் பணிஸை முழுதாகத் தின்றுவிட்டுக் கடிதத்தை வாசித்தான்.

"இத வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கலாமே, சேர்," என்றான். ஒப்பமும் வைத்தான். காத்தான்குடியில் அவனுடைய மச்சானுக்குக் கடை இருந்தது. அந்தத் தைரியம்.

தக்ஷாயினி அன்றிலிருந்து லீவில் நின்றாள். போன வாரம் பயிற்சி என்று கொழும்புக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பியவள், அதற்குப் பிறகு அலுவலகப் பக்கம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பயணம். துக்கமான விடயம் என்று வெள்ளைச் சேட் போட்டார். வெறுங்கையோடு போய் ஒரு பிள்ளையின் சோற்றில் மண் போட மனம் வராமல் ஆரையம்பதியில் வாழைப்பழம் வாங்கினார். ஒப்பச் சீட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் பேனாவோடு வைத்துக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் செட்டிபாளையத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் நின்றது தாய் புஸ்பம்.

புஸ்பம் தேத்தண்ணியோடு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"பொம்புளை வீட்டுக்காரர்தான் மாப்புளை கேட்டுப் போறது எங்கட பக்கத்து வழக்கம். நீங்க கட்டாரில இஞ்சினியரா இரிக்கிற மகன வெச்சுக்கொண்டு, நீங்களாத் தேடி வந்து குறிப்புத் தந்திரிக்கிறீங்க. தக்ஷாட அப்பா கண்ண மூடி நாலு வருசம், சேர். நல்ல காரியம் எண்டு ஒருத்தரும் இந்த வாசலுக்கு வரல்ல."

கோணாமலைக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. கவருக்குள் இருப்பது தன் மகன் மதுரனின் சாதகக் குறிப்பு என்று இந்தத் தாய் நினைத்துவிட்டாள்.

"தக்ஷாயினி இல்லையா? அவட்ட ஒரு சொல்லுக் கதைக்க வேணும்."

"உங்கட மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்ட உடன பின்பக்கத்தால போயிற்றா. வெக்கம், சேர். நான் கேள்விப்பட்டன், இந்தக் காலத்துப் புள்ளைகள் வெக்கப்படாதுகள் எண்டு. என்ட புள்ள அப்படியில்ல."

"அந்தக் கவர இப்பவே பிரிச்சா..."

"அதெப்படி? சாத்திரம் பாக்கிற சாமித்தம்பி ஐயா வெள்ளிக்கிழமை வருவார். அவர் கையாலதான் பிரிக்க வேணும். தக்ஷாட குறிப்பும் ரெடி. கொழும்புக்குப் போகக்குள்ள கம்பியூட்டரில அடிச்சிட்டு வா எண்டு சொல்லி விட்ட நான். திங்கக்கிழமை வந்தவ, இதே மாதிரி ஒரு நீட்டுக் கவர அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழ வெச்சிரிக்கா. வாங்க, வீட்டப் பாருங்க."

வளவின் அடுத்த பக்கத்தில் கட்டி முடியாத வீடு நின்றது. மகளுக்கு வீடு கொடுக்காமல் கட்டிக்கொடுக்க முடியாது அந்தப் பக்கத்தில். சுவர் எழும்பி, பூசி, கூரை மரமும் ஏறிவிட்டது. ஓடு இல்லை. உள்ளே நின்று அண்ணாந்தால் வானம்.

"எல்லாம் தக்ஷா கத்தின கத்துதான், சேர். ஒவ்வொரு மெச்சுக்கும் ஒரு வரிசைக் கல்லு. ஓடு மட்டும்தான் மிச்சம். அந்த வேலை இரிக்கிற வரைக்கும் பயமில்ல."

சிக்ஸர் அடித்த பந்து தண்ணீரில் விழுந்தால் "வாவிக்கு ஒரு பந்து காணிக்கை!" என்று தக்ஷாயினி கத்தும் குரல் கோணாமலைக்குக் காதில் கேட்டது. அந்தக் குரலை நிறுத்தும் சீட்டு தன் சட்டைப்பையில் கிடப்பதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. "நல்ல வீடு," என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை உதைத்தார்.

வியாழக்கிழமை காலையில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு கொழும்புக்கு அழைத்தார். மனிதவளப் பிரிவில் ஒரு பெண் உத்தியோகத்தர் பேசினார். குரலில் அப்படி ஒரு மரியாதை, கேட்கக் கேட்கப் பயம் வரும்.

"தக்ஷாயினியின்ட கவர் கொஞ்சம்... ஈரமாப் போச்சு, மிஸ். இன்னொண்டு அனுப்ப ஏலுமா?"

"ஏலாது, சேர். அதே கடிதம், அதே சீட்டு. நாளைக்கு நாலு மணி. வராட்டி உங்களிட்ட விளக்கம் கேக்க வேண்டி வரும்."

கோணாமலை கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டார். "என்ட வேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லத்தானே, மிஸ்? பதினெட்டு வருசம். மதுரனைப் படிப்பிச்ச கடனும் இன்னும் முடியல்ல."

அந்தப் பக்கம் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"முதல்ல இத முடியுங்கோ, சேர். மிச்சத்தப் பிறகு கதைப்பம்."

அதை அவர் நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டார். ஆட்களைக் குறைத்தாலும் அலுவலகத்தைப் பூட்டித் திறக்க ஒரு ஆள் வேண்டும்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தன்னால் சொல்ல முடியாததைச் சொல்ல இன்னொரு வாய் வேண்டும். வீட்டுக்குப் போய் மனைவி கண்ணகையிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீங்க ஒரு ஆம்புளையா?" என்றாள் கண்ணகை. "பழத்தக் குடுத்துக் கவரக் குடுத்தா எவளும் அப்படித்தான் நினைப்பாள். வாங்க, நான் வந்து நேராச் சொல்றன். பொம்புளைக்குப் பொம்புளை சொன்னா விளங்கும்."

பின்னேரம் இருவரும் செட்டிபாளையம் போனார்கள். மோட்டார்சைக்கிள் படலையடியில் நின்றபோது வீட்டின் பின்பக்கம் ஒரு பாவாடை பறந்தது. வாசலில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

"வாங்க, மச்சாள்! வாங்க, அண்ணன்!" என்றாள் புஸ்பம். நேற்றைய 'சேர்' ஒரே நாளில் அண்ணனாகிவிட்டதைக் கோணாமலை கவனித்தார். மாப்பிள்ளையின் தாயும் நேரில் வந்துவிட்டாள் என்றால் இனி என்ன சந்தேகம்?

கண்ணகை புஸ்பத்தின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப் போனாள். கோணாமலை விறாந்தையில் இருந்து காதைக் கொடுத்தார். முதலில் குசுகுசு. பிறகு அழுகை. சரி, சொல்லிவிட்டாள் என்று அவர் பெருமூச்சு விட்டார். பாவம், அந்தத் தாய்க்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேருடைய சிரிப்பும்.

கண்ணகை கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரு போத்தல் நெல்லிக்காய் ஊறுகாய். திரும்பிப் போகும் வழியில், காத்தான்குடி தாண்டும் வரை அவள் வாயே திறக்கவில்லை.

"சொன்னியா?"

"எதை?"

"கண்ணகை!"

"இஞ்சப் பாருங்க. நாலு வருசமா ஒரு குடும்பத்த அந்தப் புள்ள தனியத் தூக்குது. தாய் அழுதுகொண்டு சொல்றா, இண்டைக்குத்தான் வயிறு நிறையச் சோறு திண்ட நான் எண்டு. என்னால சொல்ல ஏலாமப் போச்சு. மறுகா யோசிச்சன், நம்மட மதுரனுக்கு இதை விட நல்ல இடம் எங்க கிடக்கு? புள்ளட படத்த அவனுக்கு அனுப்பிற்றன்."

"என்ன?"

"அவன் கைகூப்பின படம் ஒண்டு திருப்பிப் போட்டிரிக்கான். சம்மதம் எண்டுதான் நினைக்கிறன்."

கோணாமலை மோட்டார்சைக்கிளை ஓரத்தில் நிறுத்தினார். கல்லடிப் பாலத்தின் கீழே வாவி தன்பாட்டில் கிடந்தது. வேலையால் நிறுத்தப் போன இடத்தில் மகனையும் கொடுத்துவிட்டு வருகிறோமே என்று நினைத்தார். சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகளாக வரப் போகிறவளின் வேலையைப் பறித்த கை மாமனாரின் கை என்று நாளைக்கு அவள் நினைக்க மாட்டாளா?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மதுரனின் உண்மையான குறிப்பை எடுத்துப் போய், "மாறி வேற கவரத் தந்திட்டன்" என்று சொல்லி, மஞ்சள் தடவிய கவரை மீட்டுவிட வேண்டும். கல்யாணப் பேச்சு நடந்தால் நடக்கட்டும். கடிதத்தைத் தக்ஷாயினி தனியே வாசிக்கட்டும். தாய்க்கு அவளே பதமாகச் சொல்லிக்கொள்வாள். கொழும்புக்கும் சீட்டுப் போகும், தன் கதிரையும் தப்பும். கண்ணகை அன்றைக்கே அலுமாரியைத் திறந்து மகனின் குறிப்பைச் சந்தோசமாக எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன் பார்த்து முடித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஒன்பதரைக்கே போய்ச்சேர நினைத்தார். ஆனால் காத்தான்குடியில் மோட்டார்சைக்கிளின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. ஒட்டி எடுத்துக்கொண்டு அவர் படலையைத் திறக்கும்போது பத்தேகால்.

விறாந்தை நிறையப் பாய். நடுவில் சாமித்தம்பி சாத்திரியார், வெற்றுடம்பும் திருநீறுமாக. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பது வருடம் அடுத்தவன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒட்டிய உறையோடு காப்பாற்றிக் கொடுத்த மனுசன், பென்சன் எடுத்த பிறகு பிரிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். அவருக்கு முன்னால் ஒரு தட்டம். தட்டத்தில் மஞ்சள் தடவிய கவரும், அலுமாரியில் இருந்து வந்த இன்னொரு கவரும் அக்கம்பக்கமாக இருந்தன. இரண்டாவது கவருக்கும் புஸ்பம் மஞ்சள் தடவி முடித்திருந்தாள்.

"அண்ணன், நல்ல நேரத்தில வந்தீங்க! இரிங்க."

"புஸ்பம், ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு. நான் தந்த கவர்..." கோணாமலை பையைத் திறந்து மகனின் குறிப்பைத் தேடினார்.

"ராகு வரப் போகுது, தம்பி. கதைய மறுகா வெச்சுக்கொள்ளுங்க," என்றார் சாமித்தம்பி. பேனாக்கத்தியால் முதல் கவரின் ஓரத்தை ஒரே கோடாகக் கீறினார். கடிதத்தை உருவி விரித்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வாசித்தார். நெற்றி சுருங்கியது. அதை மடியில் வைத்துவிட்டு இரண்டாவது கவரை எடுத்தார்.

"பிரிக்காதீங்க!"

கோணாமலை கத்தவில்லை. கத்த வாய் திறந்தவர்தான். ஆனால் சத்தம் குசினிப் பக்கமிருந்து வந்தது. தக்ஷாயினி மூச்சு வாங்கக் குசினி வாசலில் நின்றாள். காலில் ஒற்றைச் செருப்பு. மைதானம் முழுக்கக் கேட்கக் கத்திய தொண்டைதான், இப்போது கிழிந்துபோயிருந்தது.

"அம்மா, அதை ஆரு எடுக்கச் சொன்ன? அது குறிப்பில்லம்மா!"

"என்ன புள்ள இது? மாமாக்கு முன்னால இப்படியா கத்துற?" என்றாள் புஸ்பம்.

சாமித்தம்பியின் கத்தி அதற்குள் மறு ஓரத்துக்குப் போய்விட்டது.

கோணாமலை எழுந்தார். இனிமேலும் மறைக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக, நோட்டீஸ் பலகையும் பணிஸ் பையும் இல்லாமல், நேருக்கு நேர் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லத் துணிந்தார்.

"தக்ஷாயினி, என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க, பிள்ளை. உங்களிட்ட நேராச் சொல்லியிருக்க வேணும். எனக்குத் தைரியம் வரல்ல. இதில என்ட கையில ஒண்டும் இல்ல. நீங்க கெட்டிக்காரி, எங்க போனாலும் பிழைப்பீங்க."

தக்ஷாயினி அவரையே பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் கோணாமலை எதிர்பார்த்த கோபம் அதில் இல்லை. ஒரு மனுசனைப் பார்த்து மனம் இரங்கும்போது வரும் பார்வை அது. மூன்று நாளாக அவளை நினைக்கும்போதெல்லாம் தன் முகத்தில் இருந்ததும் அதுதான் என்று அவருக்குப் பட்டது. இவள் எதற்குத் தன்னைப் பார்த்து இரங்க வேண்டும்?

"சேர்..." என்றாள். "நானும்தான் சேர். உங்கட முகத்தப் பாத்துத் தர ஏலாமத்தான் லீவு போட்ட நான்."

"எதை, பிள்ளை?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிலையில் சாய்ந்தாள். முற்றத்தில் கேபிள் வயரில் நீலச் சட்டை காற்றுக்கு ஆடியது. புஸ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாமித்தம்பி இரண்டு கடிதங்களையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு வரியும் விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"புஸ்பம், இது ரெண்டும் குறிப்பில்ல, வேலையால நிப்பாட்டுற கடிதம், இவர் கொண்டு வந்ததில உன்ட புள்ளட பேர் கிடக்கு, உன்ட புள்ள கொழும்பில இருந்து கொண்டு வந்ததில கோணாமலை எண்டு இவர்ர பேர் கிடக்கு, மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துது."